இருபத்தைந்து மீற்றர்

மாங்குளத்துக்குக் கிழக்கே
நாங்கள் மிதிவெடி எடுத்த காட்டில்
ஆளுக்கு ஆள் இருபத்தைந்து மீற்றர்.
ஒருவன் சிதறினால் மற்றவன் மிஞ்ச வேண்டும்,
அவ்வளவுதான் கணக்கு.
சக்கரியாஸ் விசிலடித்தால் நிமிர்வோம்,
மறுபடி அடித்தால் குனிவோம்.

பட்டியலில் பெயரைப் பார்த்துவிட்டு
மன்னார் ஆளாக்கும் என்று
மீன்குழம்போடு காத்திருந்தாள் சமையல் நேசமலர்.
வாகனத்தால் இறங்கியவன் மொசாம்பிக்.
கரண்டியோடு நின்றாள்.
இரண்டு நாள் கழித்து,
கறுவலெண்டாலும் வடிவாய்ச் சாப்பிடுது, என்றாள்.

சந்திக் கடையில் எங்களுக்கு கிளாஸ்,
அவனுக்கு பிளாஸ்ரிக் கப்.
காப்பிலி குடிச்சதை ஆர் கழுவுறது?
கடைக்காரர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.
சக்கரியாஸும் சிரித்தான்.
பழகியிருந்த ஒரே சொல்லை,
நன்றி, என்று தமிழில் சொன்னான்.
நான் மொழிபெயர்க்கவில்லை.
என் கையில் கிளாஸ் இருந்தது.

எழுபத்தேழில் மலையிலிருந்து
லொறியில் வந்திறங்கிய என் அம்மாவுக்கு
வயல்காரர் வீட்டில் சிரட்டையில் தண்ணி.
பாரதிபுரத்தில் பிறந்த எனக்கு
சிரட்டை இல்லை, சிரிப்பு.
வாத்தியாரிடம் 'ஆமா' என்றதற்கு
வகுப்பே உருண்டு சிரித்தது.
அன்றிலிருந்து
படலைக்கு உள்ளே ஆமா,
வெளியே ஓம்.

போனில் முகமில்லாத ஆண்கள்.
கழுத்துவரை மட்டும் படம் போட்ட ஒருத்தன்
ஊர் எது என்றான்.
பாரதிபுரம்.
அதில்லை, பூர்வீகம்?
நிறம்?
பெயரை அவன் கேட்கவே இல்லை.

கிளிநொச்சிக் கந்தோர்க்காரன் ஒருத்தன்
மூன்று மாதம் இருட்டியபின் வந்தான்.
ஒருநாள் அம்மா தேத்தண்ணி கொடுத்தாள்.
கையில் வைத்திருந்து, ஆறவிட்டு,
கதிரைக்குக் கீழே வைத்துவிட்டுப் போனான்,
முதல்நாள் என் வாயில் வாய் வைத்தவன்.

இதைச் சொன்னபோது சக்கரியாஸ்
சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.
எங்களுக்கிடையில் அரைகுறை ஆங்கிலமும்
மிச்சத்துக்குக் கைகளும்.
லிஸ்பனில் சிலர் அவனோடு படுக்க
விளக்கை அணைக்கச் சொன்னார்களாம்.
சிலர் அணைக்கவே விடவில்லையாம்,
அது இன்னும் மோசம், என்றான்.
காட்சிச்சாலைக்கு ரிக்கற் எடுத்தவர்கள் மாதிரிப் பார்த்தார்களாம்.

இது வெள்ளைக்காரன் வருத்தம் என்று
அவனை வீட்டைவிட்டுத் துரத்தியது தாய்மாமன்.
என் சித்தப்பா சொன்னதும்
அதே வசனம், ஒரு சொல் மாறாமல்.
அதற்குத்தான் சிரித்தான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு:
நானாவது லிஸ்பனுக்குப் போனேன்,
வன்னிக்குள்ளேயே கிடந்த உனக்கு
எப்படியடா தொற்றியது?

ஜெனரேற்றர் பத்து மணிக்கு நிற்கும்.
அதுவரை குமிழ் எரிந்தது.
நாங்கள் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.
என் முதுகுத் தழும்பில் விரல் வைத்தான்.
ஒன்பதாம் ஆண்டு, என்றேன்.
அவன் தொடையில் ஒன்று.
தொண்ணூற்றொன்று, என்றான்.
விடிய
அவன் விசில், என் குனிவு,
நடுவில் இருபத்தைந்து மீற்றர் வெய்யில்.

ஒப்பந்தம் முடிந்து அங்கோலா போனான்.
போகிற அன்று சந்திக் கடையில்
எனக்கும் கப் தாங்கோ என்றேன்.
கடைக்காரர் விளங்காமல் பார்த்தார்.
பிந்திப்போன கப்.
சூடு விரலைச் சுட்டது.

நாங்கள் துப்புரவாக்கிய காணியில்
இப்போது பயறு போட்டிருக்கிறார்கள், ஆரோ.

போன கிழமை
அவன் அனுப்பிய படத்தை அம்மா பார்த்துவிட்டாள்.
கிட்டப் பிடித்து, எட்டப் பிடித்து,
யாருடா இது, நம்ம ஆளா?
ஆமா, என்றேன்.
படலைக்கு வெளியேதான் நின்றோம் அப்போது.
கல்யாணம் ஆச்சா?
வேலிப் பொட்டால் கோழியொன்று
றோட்டுக்கு ஓடியது.
இருவருமாய் அதைத் துரத்தினோம்.